சிபாரிசு

கதவைத் தட்டத் தூக்கிய கை அப்படியே நிற்கிறது, உள்ளே மின்விசிறி கிறீச்சிடுகிறது, கோகிலவாணி மேடம் யாரிடமோ போனில் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஓடிவிடலாமா என்று கால் கேட்கிறது, ஓடி எங்கே போவேன், உங்கப்பா குடுத்த லெட்டரைப் பத்தி மேடம் பேசோணுமாம், கட்சிக்காரரு லெட்டர்பேடாமா, என்று அட்டெண்டர் வந்து சொன்னார், என் அப்பாவாவது கட்சிக்காரர் வாசலுக்குப் போவதாவது, நம்பவே முடியவில்லை.

ரஞ்சிதாக்கா போனில் மிரட்டிய குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது, இதே இயற்பியல் துறையில் படித்து வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போனவள், அடியே, கடைசி வருசத்துல முழிச்சீன்னா கதை முடிஞ்சுது, மார்க்க மட்டும் எவனும் பாக்கமாட்டான், உன்னைத் தெரிஞ்ச புரொபசர் எழுதற ரெகமண்டேசன் லெட்டரைத்தான் பாப்பான், அதும் மூணு வேணும், ரெண்டாவது வருசத்துலயே கோகிலவாணி மேடம் லேப்ல போயி சேர்ற வழியப் பாரு, என்றாள், பார்த்தேனா, இல்லை, நான் வாயைத் திறக்காமலே மார்க் வாங்குகிற கடைசி பெஞ்சு, மேடத்துக்கு என் முகமே தெரியாது, கனவில்கூட அவர் வருகைப்பதிவு வாசிக்கிறார், என் பேர் வரும்போது எனக்குக் குரல் இல்லை, ஆப்சென்ட் என்று எழுதுகிறார், அங்கேயேதான் நிற்கிறேன், கையை ஆட்டுகிறேன், யாரும் திரும்பவில்லை.

அக்காவின் போனை வைத்ததும், தோளிலிருந்து டிக்கெட் பையைக் கழற்றிக்கொண்டே அப்பா கேட்டார், ரெகமண்டேசன்னா என்ன அம்மிணி, சிபாரிசா, ஆமாப்பா, அதேதான், எங்க கோகிலவாணி மேடம் குடுக்கோணும், என்றேன் தலை நிமிராமல், அகராதிக்கு அது சரி, எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை, எந்த நாயோட சிபாரிசும் இல்லாம பதிவு மூப்புல வந்த வேலையாக்கும் என்று கண்டக்டர் சட்டையைத் தட்டிக் காட்டுகிற மனுசன், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உள்ளூர் டிப்போவுக்கு மாற்றல் கிடைத்திருக்கும், செத்தாலும் எவங்கிட்டயும் போயி நிக்கமாட்டேன் என்று மலைப்பாதை பஸ்ஸிலேயே இடுப்பை ஒடித்துக்கொண்டவர், அவர் போய் நின்றிருக்கிறார், எப்படி நின்றிருப்பார், செருப்பை வெளியே விட்டாரா, கையைக் கட்டினாரா, எத்தனை பேருக்குப் பின்னால் காத்திருந்தார், ஐயோ, நினைக்க நினைக்கப் பயம் அழுகையாகத் திரண்டுவிடுகிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டிவிட்டேன்.

வாம்மா, என்ற மேடம் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார், இப்பெண் நமது பகுதியைச் சேர்ந்தவர், ஆவன செய்யவும், கீழே வார்டு செயலாளர் கையெழுத்து, முத்திரை, இதை வெச்சு என்னை மிரட்டறியா, என்றார், ஐயோ, இல்லீங் மேடம், எங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதுங், நாந்தான் சிபாரிசுன்னு சொல்லிப்போட்டேனுங், அவரு அந்தச் சிபாரிசுன்னு நெனச்சுட்டாருங், என்று உளறிக் கொட்டினேன், அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சே அதுதான், மேடம் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார், சிரித்தாரா என்று தெரியவில்லை, திங்கக்கிழமை லேபுக்கு வா, ஒழுங்கா வேலை செஞ்சா வெச்சுக்கறேன், இல்லைன்னா மந்திரியே எழுதிக் குடுத்தாலும் வெளிய அனுப்பிடுவேன், என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா இன்னும் போகாமல் நிற்கிறார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருக்கிறார், என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்க்கிறார், நான் அதுவரை பார்த்திராத பயந்த சிரிப்பு, என்ன அம்மிணி, லெட்டரு வேலை செஞ்சுதா, செஞ்சுதுப்பா, என்றேன், பொய் இல்லை, அது இல்லாவிட்டால் அந்தக் கதவை நான் தட்டியே இருக்கமாட்டேன், அப்பாடா என்று மூச்சு விட்டவர், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, என் கண்ணைப் பார்க்காமல், இந்த மாதிரி மூணு வேணும்னு அன்னைக்கு போன்ல பேசீட்டிருந்தீல்ல, மிச்சம் ரெண்டுக்கு நான் இன்னும் எங்கெங்க போயி நிக்கோணும், சொல்லு சாமி, நிக்கறேன், என்றார்.