மேவிஸின் மேல் செட்

ஈறு நோய் முற்றி, என் மனைவி மேவிஸுக்கு மேல்வரிசைப் பல் அத்தனையையும் பிடுங்க வேண்டியதாயிற்று. வேறு யாராவது என்றால் குளிர்காலத்தைச் சூப்பில் ஓட்டிவிட்டு, பல் செட் வந்ததும் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். மேவிஸ் எங்கள் ஊர்ப் பித்தளை வாத்திய பேண்டில் முதல் கார்னெட் ஊதுபவள்; ட்ரம்பெட் மாதிரிச் சின்னக் குழல், தனியாக ஊதும் இடமெல்லாம் அவளுக்குத்தான். யார்க்‌ஷயரில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிரியாரை மறந்தாலும் மறப்பார்கள், முதல் கார்னெட்டை மறக்கமாட்டார்கள்.

செட் கைக்கு வந்த அன்றே கார்னெட்டை எடுத்தாள். குழலின் வாய் முன்பல்லை அழுத்தியதும் செட்டின் பின்பக்கம் அண்ணத்தை விட்டுக் கழன்றது. காற்றெல்லாம் கன்னத்து வழியாகப் புஸ்ஸென்று போயிற்று.

"என்ன ஜெஃப், சிரிக்கிறே?"

"நான் எங்க சிரிச்சேன்?"

"உன் மீசை சிரிச்சுது."

செட் செய்த பல் டாக்டர் ஹெப்டன் சின்ன வயசுக்காரர். "பழகப் பழகச் சரியாயிடும் மேடம். தினமும் பேப்பரைச் சத்தமாப் படிங்க," என்றார். படித்தாள். குதிரைப் பந்தய முடிவுகளைக்கூட விடவில்லை. பேச்சு தெளிந்தது, ஊதல் தெளியவில்லை. ஒட்டும் பசை வாங்கித் தடவினாள். ஒரு பாட்டு முடிவதற்குள் எச்சிலில் கரைந்து தொண்டைக்குள் இறங்கியது. மறுபடி போனாள். ஓரத்தை ராவிக் கொடுத்துவிட்டு, "அருமையாப் பொருந்தியிருக்கு," என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது.

ஜூன் மாத பேண்டு போட்டிக்கான ஒத்திகையில் அவள் தனியாக ஊத வேண்டிய இடம் வந்தது. எல்லோரும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டாவது அடியிலேயே செட் 'டக்'கென்று கீழே இறங்கி, கீழ்ப்பல்லில் மோதியது. பேண்டு மாஸ்டர் நார்மன் கோலைத் தாழ்த்தினார்.

"மேவிஸ், இந்தத் தடவை ஐரிஸ் ஊதட்டுமே."

பக்கத்து நாற்காலி ஐரிஸ் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க சீட்டைப் பாத்துக்கிறேன் அக்கா. வேற ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், செட்டைக் கழற்றிப் பாத்திரத் தொட்டியில் வீசினாள். உருளைக்கிழங்குத் தோலுக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தது நான். உடையவில்லை. உடைந்திருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கார்னெட் பெட்டியோடு டாக்டரிடம் போனோம். அவர் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். "பொருத்தம் நல்லாத்தானே மேடம் இருக்கு..."

அவ்வளவுதான். அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே கார்னெட்டை எடுத்து வைத்து ஊதினாள். வெளியே காத்திருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள். வரவேற்பில் இருந்த பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஸ்வரம் மேலே ஏற ஏறச் செட் கவிழ்ந்து, சத்தம் வாத்து கத்துவதைப் போல முடிந்தது.

டாக்டர் விளக்கை அவள் வாய்ப்பக்கம் இழுத்தார். "இன்னொரு தடவை ஊதுங்க," என்று கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு, "நான் சாப்பிடுறதுக்குப் பல் செஞ்சிருக்கேன். ஊதுறதுக்குச் செய்யல," என்றார்.

"மொத நாளே சொன்னேனேய்யா!"

"சொன்னீங்க. பொழுதுபோக்குன்னு நெனைச்சுட்டேன்."

"பொழுதுபோக்கா!" மேவிஸ் என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா ஜெஃப்? பொழுதுபோக்காம்!" அந்த இளைஞரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

புதிதாக அச்செடுத்தார். பின் ஓரம் அண்ணத்தை இறுக்கிப் பிடிக்கும்படி செய்தார். முன்பற்களை மெழுகில் நிறுத்தி, அவளை ஊதவைத்துப் பார்த்து, துளி உள்ளே தள்ளி வைத்தார். குறை சொல்ல முடியாது, மெனக்கெட்டார். கீழ் ஸ்வரங்கள் திரும்பி வந்தன. உச்சி ஸ்வரங்கள் மட்டும் எட்டவில்லை. அங்கே போனால் உதட்டில் வலு கொடுக்க வேண்டும், கொடுத்தால் செட் ஆடியது.

போட்டிக்கு முந்தின வாரம் அவளே நார்மனிடம் போய் நின்றாள். "வாய் அகலமான கொழல் ஏதாவது குடு. உள்ளதை வெச்சு ஊதுறேன்." பாரிடோன் கிடைத்தது. பின்வரிசையில், கனத்த குழல். அகன்ற வாய் பல்லை அவ்வளவு அழுத்தவில்லை, செட்டும் நின்றது.

போட்டியன்று மழைத் தூறலில் தெருவோடு அணிவகுத்தார்கள். ஐரிஸ் தனியாக ஊதியபோது கூட்டம் அசையாமல் நின்றது. பின்வரிசையில் மேவிஸ் முகம் சிவக்க ஊதிக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நல்லாத்தானே இருந்துச்சு," என்றேன்.

"ஐரிஸ் நல்லாவே ஊதிட்டா. அதான் எரியுது." கன்னத்தை விரலால் அழுத்திக்கொண்டாள். "திங்கக்கெழம அந்த டாக்டருக்கு போன் போடு. எடப்பக்கம் இன்னும் தூக்குது."