சுற்றச் சுற்றக் குளிரும் குழந்தை

ஒரு துணி சுற்றினால் குழந்தையின் உடம்பு குளிர்ந்தது. மூன்று துணி சுற்றினால் இன்னும் குளிர்ந்தது. கிராம சுகாதார செவிலியர் ஷண்முகப்ரியாவுக்குக் காரணம் பிடிபடவில்லை.

நீலகிரியில் இத்தலாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், சுகுணா சிசேரியன் முடிந்து பச்சைக் குழந்தையோடு வீடு திரும்பியிருந்தாள். நேற்று ஷண்முகப்ரியா பார்த்தபோதும் குழந்தை குளிர்ந்திருந்தது. துணிகளைக் களைந்து, தாயின் வெற்று மார்பில் படுக்க வைத்து, மேலே போர்வையைப் போர்த்தியதும் உடம்பு சூடேறியது. "நல்லா சுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றாகத்தான் சுற்றியிருந்தார்கள். ஆனால் இன்று அக்குளில் வைத்த வெப்பமானி மறுபடியும் முப்பத்தாறு டிகிரி செல்சியஸ் காட்டியது. முப்பத்தாறரைக்குக் கீழே இறங்கவே கூடாது.

"பால் குடிக்கிறாளா?"

"நல்லா இழுத்து இழுத்துக் குடிக்கிறா சிஸ்டர்" என்றாள் சுகுணா.

குழந்தையின் நிறம் நன்றாக இருந்தது. அழுகையிலும் தெம்பு இருந்தது. இருந்தாலும் பிறந்த குழந்தைக்குக் கிருமி தொற்றினால் காய்ச்சல்தான் வரவேண்டும் என்பதில்லை, உடம்பு குளிர்ந்தும் போகலாம். அதை ஷண்முகப்ரியாவால் ஒதுக்கிவிட முடியவில்லை.

"சுகுணா, பயப்படாம கேளு. இன்னிக்குக் காரணம் தெரியலைன்னா பாப்பாவ ஊட்டிக்கு அனுப்பித்தான் ஆகணும்."

"அங்க பாப்பாவத் தனியா, சூடு குடுக்கிற கண்ணாடிப் பெட்டியில வச்சிருவாங்களே. தையலோட நான் எங்க சிஸ்டர் உக்காருவேன்?" சுகுணா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அவளுடைய கணவன் விமலின் அக்கா ரேணுகாவுக்குக் கோபம் வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "நாங்க என்ன குறை வச்சோம்? ஒவ்வொரு துணியும் வெந்நீர்ல அலசி, கொடியில காயப்போட்டு மடிச்சு வைக்கிறேன். ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு மாத்துறேன். கோயம்புத்தூர்ல இருந்து வந்த உங்களுக்கு எங்க குளிரு புதுசு. எங்களுக்கா புதுசு?"

"ஏனுங்க ரேணுகாக்கா, உங்களக் குறை சொல்லுலீங்க. எனக்கே புரியாம உக்காந்திருக்கேன்."

குழந்தையை மறுபடி தாயின் மார்பில் கிடத்தினார்கள். கோபம் குறையாமலேயே ரேணுகா தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். வைக்க இடமில்லாமல், பெஞ்சில் மடித்து வைத்திருந்த குழந்தைத் துணிகளின் மேலேயே ஷண்முகப்ரியா சூடான டம்ளரை வைத்தாள். சற்று நேரம் கழித்துக் குடிக்க எடுத்தபோது துணியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. டம்ளர் இருந்த வட்டத்தில் மட்டும்.

அவள் தேநீரை மறந்துவிட்டாள்.

"அக்கா, டீ சிந்துச்சுங்களா?"

"இல்லியே."

அடுத்த துணியில் வைத்தாள். அதிலும் ஆவி. மூன்றாவதிலும்.

"இஸ்திரிப் பெட்டி இருக்குங்களா?"

"கல்யாண வீட்டுக்கா போறோம்?" என்றபடி, வாசலில் நின்றிருந்த விமல் உள்ளே வந்து எடுத்துக் கொடுத்தான். சூடான பெட்டி துணியில் பட்டதும் 'ஸ்ஸ்' என்று இரைந்தது. ஆவி முகத்தில் அடித்தது. காய்ந்துவிட்டது என்று மடித்து வைத்த துணி அது.

"கையில தொட்டா சில்லுன்னுதானே இருந்துச்சு, ஈரமா இல்லியே!" என்றாள் ரேணுகா.

"அங்கதான் ஏமாந்தோம். நானுந்தான் நேத்துத் தொட்டுப் பாத்தேன்." ஷண்முகப்ரியாவின் குரலில் உற்சாகம் ஏறியது. "ஈரத்தத் தனியாக் கண்டுபிடிக்க நம்ம தோலுக்குத் தெரியாதுங்க. சூடு போறதும் வழவழப்பும்தான் தெரியும். அத வச்சு ஈரம்னு நாமளா முடிவு பண்றோம். இந்த ஆடி மாசத்துல காஞ்ச துணியும் சில்லுன்னு இருக்கும், லேசான ஈரத் துணியும் சில்லுன்னு இருக்கும். வெளிய மூட்டம், உள்ள மூட்டம். சொட்டுறது நின்னா காஞ்சிருச்சுன்னு எடுத்துடறோம்."

"டீ ஃபேக்டரியில இலை வாடிருச்சான்னு கையில அமுக்கியே சொல்லிருவேன்" என்றான் விமல். "சொந்தப் பிள்ளை துணியில கோட்டை விட்டுட்டேன்."

"ஆனா மூணு துணி சுத்தியிருக்கே சிஸ்டர்?" என்று கேட்டாள் சுகுணா.

"துணிக்கு சொந்தமா சூடு கிடையாது. நூலுக்கு நடுவுல இருக்கிற காத்து பாப்பாவோட சூட்ட வெளிய விடாமப் பிடிச்சு வைக்கும். அந்த இடத்துல தண்ணி இருந்தா சூட்ட வேகமாக் கடத்திரும். அந்தத் தண்ணி காயறதுக்கும் பாப்பா உடம்புச் சூட்டத்தான் எடுத்துக்கும். மூணு துணின்னா மூணு பங்கு தண்ணி."

ரேணுகா துணி அடுக்கைப் பார்த்தபடி நின்றாள். "நான்தான் மாத்தி மாத்திச் சுத்துனேன்."

"நீங்க மாத்தாம விட்டிருந்தா இன்னும் நனைஞ்சிருக்கும். துணிய மாத்துங்க. காய வைக்கிற விதத்த மட்டும் வேற பண்ணலாம்."

ரேணுகா தேய்க்கத் தொடங்கினாள். ஷண்முகப்ரியா கிளம்பாமல் காத்திருந்தாள். தேய்த்து ஆறவைத்த இரண்டு துணிகளையும் ஒரு குல்லாவையும் மட்டும் போட்டு, குழந்தையைத் தாயின் மார்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு பார்த்தபோது முப்பத்தாறு புள்ளி எட்டு. பால் குடித்து முடித்ததும் மறுபடி பார்த்தாள். இறங்கவில்லை.

"இப்ப ஊட்டிக்குப் போக வேண்டியதில்ல. ஆனா மறுபடி குளுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே கூப்பிடணும்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கொடியிலிருந்து எடுத்த துணி நேராகக் குழந்தைக்குப் போகவில்லை. ஆவி நிற்கும்வரை தேய்த்து, சூடு ஆறியதும் சுற்றினார்கள்.