மூன்றாவது லாக்கர்

"உங்க குடும்பத்துல யாருக்காவது குடல்ல கட்டி, புற்றுநோய், அந்த மாதிரி ஏதாவது இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க குடும்பத்துல ரெண்டே வியாதிதான் டாக்டர். ஒண்ணு ரத்தக் கொதிப்பு, இன்னொண்ணு வாய்க்கொழுப்பு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு இரண்டு மாதமாக மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, நானே களிம்பு வாங்கிப் பூசி, ஒன்றும் கேட்காமல் போகவே அவரிடம் வந்திருந்தேன். நாற்பத்தாறு வயதாகிறது, கேமரா விட்டு முழுக் குடலையும் பார்த்துவிடலாம் என்றார். முந்தின நாளே மருந்து குடித்து வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும், மயக்க ஊசி உண்டு, துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார்.

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீர் மேல் இருப்பார். பிள்ளைகள் இல்லை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரம் கூப்பிட்டாலும் யாரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாளைக்கு ஆயிரம் சட்டையைப் புரட்டிப் பிசிறு கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. வீட்டுக்கு வந்தாலும் அதே கண்தான். நானும் தம்பியும் அவளுக்கு வைத்த பெயர் சூப்பர்வைசர். அவர்கள் இருவரும் எனக்கு வைத்த பெயர் தண்டோரா. மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எட்டு மணி நேரம் போனில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி போனை எடுக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

விஷயத்தைச் சொன்னதும், எந்த மருத்துவமனை, என்றைக்கு என்று மட்டும் கேட்டாள் அக்கா.

"முந்தின நாள் மத்தியானமே வந்துடறேன். நீயா எதையும் கலக்கி வைக்காதே," என்றாள்.

சொன்னபடி வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து உறிஞ்சுகுழல் ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் நாலு, வாசலின் டப்பா, மிருதுவான டிஷ்யூ காகிதம், வடிகட்டிய ஆப்பிள் சாறு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குளிர்பெட்டிக்குள் தள்ளினாள்.

"டம்ளர்ல குடிக்காதே. குழலை நாக்கு மேல வைக்காம உள்ள தள்ளி வை. அப்பதான் ருசி தெரியாது. வாசலினை இப்பவே தடவிக்கோ. எரிய ஆரம்பிச்ச அப்புறம் தடவினா ஒண்ணுக்கும் உதவாது. போன் சார்ஜரைக் கழிவறையிலேயே மாட்டி வை."

"சார்ஜர் எதுக்கு?"

"மூணு மணி நேரம் உள்ள என்ன பண்ணப்போறே? சும்மா சுவத்தையா பார்த்துட்டிருப்பே?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் குவளை. கடல் தண்ணீரில் யாரோ ஆரஞ்சு மிட்டாயைக் கழுவிவிட்டு நமக்குக் கொடுத்தது போல இருந்தது. முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இந்த மருந்தெல்லாம் வேலை செய்யாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாக்கியத்தை முடிப்பதற்குள் ஓட வேண்டியதாயிற்று. அதன்பிறகு நடந்ததை எழுதினால் படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ நான் உள்ளே உட்கார்ந்து முனகியபோது, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தபடி அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"காலையில எட்டு மணிக்கு ரெண்டாவது பாட்டில் இருக்கு. அதுதான் கஷ்டம். வாய்கிட்ட கொண்டுபோறப்பவே குமட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே குடிச்சிடு."

"இவ்வளவும் எங்கே கத்துக்கிட்டே?"

"யூடியூப்ல எல்லாம் வருது."

என் மனசு உருகிப்போயிற்று. இந்தச் சூப்பர்வைசர் எனக்காக உட்கார்ந்து வீடியோ பார்த்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்தபடியே கப்பலுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "நீங்க கவலைப்படாதீங்க. என் அக்கா இருக்கா. இவளை மாதிரி ஒரு அக்கா யாருக்கும் வாய்க்காது," என்று சொன்னேன். அக்கா கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு மருத்துவமனையில் இருந்தோம். உடை மாற்றும் அறையில் வரிசையாக ஆறு லாக்கர்கள். முதுகுப்பக்கம் திறந்த அந்தப் பச்சை அங்கியை ஒரு நர்ஸ் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பையைத் தூக்கியபோது, "மூணாவதுல வைக்காதே. சாவி சுத்தும், பூட்டு விழாது," என்றாள் அக்கா. நான்காவதில் வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அங்கியின் நாடா எங்கே இருக்கிறது என்பதுதான் கவலை.

ஊசி போட்டதும் கைக்குள் சில்லென்று ஏறியது. ஆறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வேறு அறையில் ஒருக்களித்துக் கிடந்தேன். சுற்றிலும் திரைக்குப் பின்னால் ஆட்கள் கூச்சமே இல்லாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

டாக்டர் வந்தார். அக்காவும் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு கட்டி இருந்துச்சு. ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல. கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுத்துட்டோம். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். எட்டு நாள் ஆகும்." கையிலிருந்த தாளைப் புரட்டினார். "குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா இல்லை டாக்டர்."

அக்கா என் போர்வையைச் சரி செய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் இழுத்துச் சரி செய்தாள். பயந்துவிட்டாள், பாவம் என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணும் இருக்காது அக்கா, பயப்படாதே," என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்று நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். அக்கா டாக்சி பார்க்கப் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள் மூன்றாவது லாக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி சுற்றியது, கதவு தானாகத் திறந்துகொண்டது.

"அது பூட்டாதுங்க. சாவி மட்டும்தான் சுத்தும். வேற எடுத்துக்கங்க," என்றேன்.

"நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லையே, இதுதான் முதல் தடவை," என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மயக்க மருந்தில் பாதி இன்னும் தலைக்குள் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு விஷயம் மட்டும் தெளிவாக வந்து நின்றது. யூடியூபில் உறிஞ்சுகுழல் வரும், வாசலின் வரும். இந்த மருத்துவமனையின் மூன்றாவது லாக்கர் எப்படி வரும்?

டாக்சியில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அக்கா இரண்டு முறை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் ரொட்டியும் பால் விடாத டீயும் கொண்டுவந்து வைத்தபோதுதான் கேட்டேன்.

"நீ எப்போ எடுத்துக்கிட்டே?"

என்ன என்று அவள் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருஷம் ஆச்சு."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்கா தொழிற்சாலைப் பயிற்சி என்று மூன்று வாரம் வெளியூர் போயிருந்தாள். பாதியாக இளைத்துத் திரும்பினாள். அங்கே சாப்பாடு சரியில்லை என்றாள். நான் ஒரு மாதம் தினமும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மூன்று வாரமும் அவள் இதே ஊரில், இதே மருத்துவமனையில், குடலில் ஒரு சாண் அளவு வெட்டி எடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். புற்றுநோய். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு அப்போ நாப்பத்தி ஒண்ணு," என்றேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"பதவி உயர்வு வர்ற சமயம். சீக்காளின்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டிருப்பாங்க. உன்கிட்ட சொன்னா நாலு பேருக்குத் தெரியாம இருக்குமா? நீயே சொல்லு. அதோட நீ பயந்துடுவே. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? பதவி வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் ஒரு வருஷம் ஓடிடுச்சு. ஏன் இவ்வளவு நாள் சொல்லலைன்னு கேப்பியேன்னு அடுத்த வருஷமும் ஓடிடுச்சு."

அவள் அழுதாள். என் அக்கா அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை. வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன்.

"தம்பிகிட்ட நீ எதுவும் சொல்லாதே. நானே பக்குவமா சொல்லிக்கறேன்," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"நீ கிளம்பு," என்றேன்.

"இன்னைக்கு உன்னைத் தனியா விடக் கூடாதுன்னு நர்ஸ்..."

"கிளம்புன்னு சொன்னேன்."

முக்கியமான முடிவு எடுக்கக் கூடாதென்று தாளில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

அடுத்த எட்டு நாளும் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை என்பவர்களிடம், கொஞ்சம் பொறுங்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நாள், சனிக்கிழமை, டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். கட்டியின் அடிப்பகுதியில் புற்றுநோய் இருந்தது. ஆரம்ப நிலைதான், ஆனாலும் அந்த இடத்துக் குடலைக் கொஞ்சம் வெட்டி எடுத்தாக வேண்டும், அதன் பிறகு என்ன என்று பார்க்கலாம் என்றார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பார்த்திருந்தா?"

"அப்போ இருந்திருந்தாலும் கடுகு மாதிரி இருந்திருக்கும். கேமரா போட்ட அன்னைக்கே கிள்ளிப் போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அதையெல்லாம் இப்போ யோசிக்காதீங்க. கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே சொல்லுங்க."

வெளியே வந்து மருந்துக்கடை ஓரமாக நின்று தம்பியைக் கூப்பிட்டேன். அக்கா பக்குவமாகச் சொல்கிறவரை இனியும் காத்திருக்க எனக்கு மனமில்லை. அவள் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யக் கூடாது என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

"தம்பி, பதறாம கேளு. எனக்குக் குடல்ல புற்றுநோய். அக்காவுக்கும் இருந்திருக்கு, மறைச்சிட்டா. நீ திங்கட்கிழமையே போய்ப் பரிசோதனைக்குப் பேரு கொடு."

அந்தப் பக்கம் லிஃப்டின் இரும்புக் கதவை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"சின்னக்கா," என்றான். "நான் எடுத்துட்டேன்."

"எப்போ?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி. ரெண்டு சின்னது இருந்துச்சு. அப்பவே எடுத்துட்டாங்க."

"துணைக்கு யாரு வந்தா?"

"பெரியக்காதான்." பிறகு அவசரமாகச் சொன்னான், "உன்கிட்ட அவளே சொல்லிக்கறேன்னு சொன்னா, சின்னக்கா. நான் கேட்டப்பல்லாம் சொல்றேன் சொல்றேன்னா. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டேன். ரொட்டித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா அழுதாளே, அந்த அழுகைக்கு நடுவிலும் தம்பிக்கு எதுவுமே தெரியாதது போல ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். நான் வேலைக்குப் போய்விட்ட போன வாரம் தவிர, நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் என் வீட்டில் சாப்பிட்டார்கள். உப்பு கம்மி என்றார்கள், காரம் தூக்கல் என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு, என் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட, அந்த மேஜையில் நான் ஒருத்தி மட்டும் வெளியாளாக இருந்திருக்கிறேன் என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சமைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்து வாசலில் நின்றார்கள். தம்பி தரையைப் பார்த்தான். அக்கா சாப்பாட்டுக் கேரியர் ஒன்றைப் பிடித்திருந்தாள். நான் கதவைத் திறந்தேன், வழிவிடவில்லை.

"நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை," என்றாள் அக்கா. "சத்தியமா அதுதான்."

"இப்போ பயமாத்தான் இருக்கு," என்றேன். "ராத்திரி தூக்கம் வரலை. முன்னாடியெல்லாம் இப்படி இருந்தா உன்னைக் கூப்பிடுவேன், இல்லைன்னா இவனைக் கூப்பிடுவேன். இனிமே நான் யாரைக் கூப்பிடறது?"