கராஜ் கதவுக்கு ரெஜிபோம்

பிலேந்திரன் தன் கையால் ஒழுங்காகச் செய்து முடித்த வேலைகளை எண்ணுவதற்கு ஒரு கை போதும். அதிலும் விரல் மிஞ்சும். பெட்டியில் துண்டுகளாக வந்த புத்தக அலுமாரியைப் பொருத்தி முடித்தபோது நான்கு ஆணிகள் கையில் மிஞ்சின. அலுமாரி இன்றைக்கும் நிற்கிறது, வைத்தியசாலை வரிசையில் நின்று களைத்துப்போன ஆள் மாதிரிச் சுவரில் சாய்ந்துகொண்டு. ஆகையால், கராஜ் கதவைத் தானே இசொலேர் செய்யப்போவதாக அவர் அறிவித்தபோது மனைவி சத்தியபாமா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. முதலுதவிப் பெட்டியை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

இசொலேர் செய்வதென்றால் குளிரும் சூடும் புகாதபடி சுவரையோ கதவையோ பொதிந்து அடைப்பது. முப்பத்திரண்டு வருட நோர்வே வாழ்க்கையில் அதற்கொரு தமிழ்ச் சொல் தேடி ஒருவரும் மினக்கெடவில்லை. குளிருக்குள் நிற்கிறவனுக்கு அகராதி புரட்ட நேரம் ஏது?

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் அவர்களுடையது வரிசை வீடு. கீழே கராஜ், அதற்கு நேர் மேலே மகள் கம்சாயினியின் அறை. கராஜ் கதவோ வெறும் தகரம். பனிக்காலத்தில் கராஜுக்குள் இருக்கிற குளிரெல்லாம் மேலே ஏறி அறையின் தரையில் வந்து குந்திவிடும். கோடையில் பின்னேர வெயில் நேராகக் கதவில் அடிக்க, அதே அறை பாண் சுடுகிற போறணை. அந்த அறையில்தான் பிள்ளை பத்தொன்பது வருடம், குளிருக்கு இரண்டு சோடிக் காலுறையும் வெக்கைக்கு ஈரத் துவாயுமாகப் படுத்தெழும்பினாள். அப்போதெல்லாம் கதவை அடைக்கவேண்டும் என்று பிலேந்திரனுக்குத் தோன்றவில்லை. பிள்ளை வீட்டில் இருந்தாள்; பிறகென்ன?

பிறகு அவள் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போனாள். படித்து முடித்ததும் ஹம்மர்பெஸ்டில், எரிவாயு ஆலையில் பொறியியலாளர் வேலை. பிலேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தில் மேலே மேலே போய், இனிக் கடதாசி முடியப்போகிறது என்று பயந்த இடத்தில் அந்த ஊரைக் கண்டுபிடித்தார். "போ பிள்ளை, இப்பிடி வேலை எல்லாருக்கும் கிடைக்காது" என்று சொன்னவரும் அவர்தான். சொல்லிவிட்டுக் கீழே போய்க் காரைக் கழுவினார். அன்று காலையில் கழுவிய கார்.

போன நத்தார்ப் பண்டிகைக்குப் பத்து நாள் லீவில் வந்தவள், நாலாம் நாளே பெட்டியைக் கட்டினாள்.

"என்ன பிள்ளை, அதுக்குள்ளை?"

"அறை குளிருது அப்பா. கால் விறைக்குது."

அந்தச் சொல் பதினொரு மாதமாக அவருக்குள் கிடந்தது. இந்த நத்தாருக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் "பாப்பம்". யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்பது 'இல்லை' என்ற சொல் வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் நல்ல உடுப்பு. பிலேந்திரனே ஆயுள் முழுக்க அதைப் பாவித்தவர். வேறெந்தத் தமிழ்ச் சொல்லையும் முழுதாகப் படிக்காத பிள்ளை, இதை மட்டும் பிழையில்லாமல் படித்து வைத்திருந்தாள்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிள்ளை நிற்காததற்குக் காரணம் குளிர். குளிர் வருவது தரையால். தரைக்கு வருவது கராஜால். கராஜுக்கு வருவது கதவால். கதவை அடைத்தால் பிள்ளை நிற்பாள். இவ்வளவு நேரான கணக்கு அவருக்குப் பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை.

ஒக்டோபர் முழுக்கக் கைபேசியில் கதவு அடைக்கும் வீடியோக்களாகப் பார்த்தார். அந்த நாட்களில் அவருக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருட்கள்தான் இருந்தன: இசொலேர்ட் ஆனவை, ஆகாதவை. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது கேட்டார்:

"அங்கை எப்பிடிப் பிள்ளை? குளிர் துவங்கீட்டுதோ?"

"குளிருக்கென்ன, அது பழகீட்டுது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "இஞ்சை சரியான இசொலேர்ட் அப்பா."

"அப்பிடிச் சொல்லு! அதெல்லோ வேணும். அங்கத்தைக் குளிருக்கு அது இல்லாமல் ஏலாது."

மறுபக்கம் சத்தமில்லை. பிறகு, "ஓம் அப்பா" என்றாள். வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

பிலேந்திரனுக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. மகளின் வீடு எப்படிப்பட்ட வீடு என்று கோயிலில் நாலு பேருக்கும் பிறந்தநாள் கொண்டாட்டமொன்றில் ஆறு பேருக்கும் எடுத்துவிட்டார். கூடவே சின்னப் பொறாமையும் வந்தது. அவ்வளவு இறுக்கமான வீட்டில் இருந்து பழகியவள் இந்தத் தகரத்துக்கு மேலே எப்படிப் படுப்பாள்?

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் வெள்ளை நுரைப் பலகைகள். ஊரில் ரெஜிபோம் என்று சொல்லி மேடை சோடிக்கிற அதே சாமான். அளந்தார், வெட்டினார், பசை பூசி ஒட்டினார். வெட்டிய தூள் தலைமயிரிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. எட்டிப் பார்த்த சத்தியபாமா, "இஞ்சாருங்கோ, பனி வெளியிலயோ உள்ளுக்கோ கொட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதவு ஒரே தகடு அல்ல. குறுக்காக நாலு துண்டுகள், இடையிடையே பிணைச்சல். பொத்தானை அமத்தினால் ஒவ்வொரு துண்டாக மடிந்து வளைந்து கூரைக்குள் ஏறும். அந்தத் துண்டுகளின் இடுக்கில் பிலேந்திரன் கையை வைத்துப் பார்த்தார். ஊசிக் குளிர். விடுவாரா? இடுக்குகளையும் மூடி, பலகைகளை மேலிருந்து கீழ்வரை ஒரே ஒட்டாக ஒட்டி, மேலே வெள்ளி நிற நாடாவும் இழுத்தார். அடியில் தடித்த றப்பர் பட்டி. பதினொரு மணிக்குத் தள்ளி நின்று பார்த்தபோது கதவு தகதகவென்று மின்னியது. தன் கைகளை அவரே ஒருமுறை மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

சத்தியபாமா முதியோர் இல்லத்தில் பின்னேர வேலைக்குப் போகக் கார் வேண்டும். பிலேந்திரன் பொத்தானை அமத்தினார். மோட்டர் உறுமியது. கதவு ஒரு சாண் ஏறி, இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்த ஆள் மாதிரி அப்படியே நின்று, முனகி, திரும்பக் கீழே இருந்துவிட்டது.

"காரையும் சேர்த்து இசொலேர் பண்ணீட்டியளோ?" என்றார் சத்தியபாமா. ரயில் அட்டையை எடுத்துக்கொண்டு முன்கதவால் நடந்தார்.

லோறன்ஸைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், மன்னார்க்காரர், அடுக்குமாடிகளில் திருத்த வேலை பார்க்கிறவர். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து பிலேந்திரனைப் பகிடி பண்ணுவதைக் கடமையாகச் செய்து வருகிறவர். வீட்டுக்குள்ளால் கராஜுக்கு இறங்கியவர், கதவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஆருக்கு ஐசே மணவறை? சத்தியபாமாவுக்குத் தெரியுமோ?"

"பகிடியை விடும். ஏன் ஏறுதில்லை எண்டு பாரும்."

"ஏறுமோ? அது மடிஞ்செல்லோ ஏறவேணும். நீர் முள்ளந்தண்டுக்கு மாவுக்கட்டுப் போட்டு வைச்சிருக்கிறீர்." லோறன்ஸ் கதவைத் தட்டிப் பார்த்தார். "பாரமும் கூடிப் போச்சு. மேலை இருக்கிற ஸ்பிரிங் பழைய பாரத்துக்கு முறுக்கினது. அதிலை நீர் கை வைக்கப்படாது, கை போயிடும். அதுக்குரிய ஆளைக் கூப்பிடும். மூட்டுகளை மட்டும் நான் வெட்டி விடுறன்."

"வெட்டினால் அதாலை குளிர் வருமே?"

"கொஞ்சம் வரத்தான் செய்யும். ஒரு சொட்டும் வரக்கூடாதெண்டால் சுவர் கட்டும், ஐசே. கதவு எதுக்கு?"

லோறன்ஸ் கத்தியை எடுத்து முதல் இடுக்கில் நாடாவைக் கீறினார். பிலேந்திரன் தன் அரை நாள் உழைப்பு பிளவுபடுவதைப் பார்க்க ஏலாமல், நுரைத் தூளைக் கூட்டத் தொடங்கினார்.

"பிள்ளை நத்தாருக்கு வாறாளோ?"

"தெரியேல்லை. அங்கை அவளின்ரை வீடு வலு திறம். நல்ல இசொலேர்ட் எண்டு அவளே சொன்னவள். அதாலைதான் இந்தக் கூத்தே."

கத்தி நின்றது.

"என்னெண்டு சொன்னவள்? அப்பிடியே சொல்லும்."

"'இஞ்சை சரியான இசொலேர்ட் அப்பா' எண்டு."

"அதிலை வீடு எங்கை வருது?"

பிலேந்திரன் வாய் திறந்தார். அந்த வசனத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தார். வீடு வரவில்லை.

லோறன்ஸ் கத்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் வடக்கிலை மீன் பக்டரியிலை ஒரு வருசம் நிண்டனான் எல்லோ. ஒரு நாள் டொக்டரிட்டைப் போய் இந்தச் சொல்லைத்தான் சொன்னனான். அவரும் என்ரை வீட்டைப் பற்றிக் கேக்கேல்லை, ஐசே. நித்திரை வருதோ எண்டு கேட்டவர்."

நோர்வேஜிய மொழியில் அது ஒரே சொல்தான். சுவரைப் பஞ்சு வைத்து அடைத்தாலும் இசொலேர்ட். ஒரு மனுசர் ஆட்களிடமிருந்து அறுந்து தனித்துப்போனாலும் இசொலேர்ட். தமிழிலோ, யார் என்று சொல்லாமலே ஒரு வசனத்தைப் பேசி முடித்துவிடலாம். இரண்டு மொழியும் கூட்டுச் சேர்ந்து பிலேந்திரனைக் கவிழ்த்துவிட்டன. கவிழ்க்க அவ்வளவு பெலம் தேவைப்பட்டிருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். பிள்ளை துன்பம் சொல்லும்போது காது கொடுக்காத தகப்பன்மார் நிறையப் பேர் உண்டு. கேட்டு, பாராட்டி, கோயிலில் போய்ப் பெருமையடித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

'ஓம் அப்பா' என்பதற்கு முன்னால் இருந்த அந்தச் சத்தமில்லாத இடம் இப்போதுதான் அவருக்குக் கேட்டது.

"நான் மேலை போய்த் தேத்தண்ணி போடுறன்," என்றார் லோறன்ஸ். "கேத்தில் இருக்கிற இடம் தெரியும். நீர் ஆறுதலாய் வாரும்."

பிலேந்திரன் பசைப் பெட்டியின் மேல் குந்தி, மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்னப்பா, சனிக்கிழமை எடுக்கிறீங்கள்? அம்மாவுக்கு ஒண்டுமில்லையே?"

"அம்மா வேலைக்குப் போட்டா. பிள்ளை, ஒக்டோபரிலை நீ ஒண்டு சொன்னனி, இசொலேர்ட் எண்டு." அவர் தொண்டையைச் செருமினார். "வீடோ, நீயோ?"

அவள் சிரித்தாள். "ஆறு கிழமை எடுத்திருக்கு உங்களுக்கு." சிரிப்பு முடிவதற்குள் வேறொன்றாக மாறி, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் வீடெண்டு நினைச்சிட்டன்."

"தெரியும் அப்பா. நீங்கள் சந்தோசமாய் ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள் எண்டு அம்மா சொன்னவ. பிறகு என்னெண்டு திருத்துறது? விட்டிட்டன்."

"வேலையை விட்டிட்டு வா, பிள்ளை."

இரண்டு வருடமாகப் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த வசனம். வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆக்களும் நல்லவை. வேலை முடிய எல்லாரும் தங்கடை தங்கடை வீட்டை போயிடுவினம், அதுதான். வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டினால் திங்கள் மட்டும் ஒருத்தரோடையும் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்திருக்கிறன்."

"அப்ப நத்தாருக்கு எண்டாலும் வா. உன்ரை அறை இனிக் குளிராது..."

"அப்பா, அறை குளிர்ந்ததுக்கு நான் ஓடேல்லை." அவள் நிறுத்தினாள். "நாலாம் நாள் விடிய நான் எழும்ப, நீங்களும் அம்மாவும் குசினியிலை வெங்காயத்துக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். படுத்திருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். இன்னும் ஒரு நாள் அதைக் கேட்டால் திரும்பிப் போகமாட்டன் எண்டு விளங்கீட்டுது. அதுதான் ஓடினனான். கால் விறைக்குது எண்டது சும்மா."

சும்மா. பிலேந்திரன் அந்தச் சும்மாவுக்கு மேலே ஒட்டி வைத்த பத்துப் பலகைகளையும் பார்த்தார். கோபம் வரவில்லை. சண்டை எந்த வெங்காயத்துக்கு என்றுதான் யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

"அப்ப நான் வாறன்," என்றார்.

"இஞ்சையோ? இப்ப இஞ்சை வெயிலே இல்லை அப்பா. போன கிழமையோடை போட்டுது, இனித் தை மாசம் கடைசியிலைதான். வந்து என்னத்தைப் பாக்கப்போறியள்?"

"உன்னை."

"எனக்குப் பகல் முழுக்க வேலை. நீங்கள் தனியச் சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பியள்."

"இருக்கிறன். எனக்குச் சுவர் பாக்கிறது ஒண்டும் புதிசில்லை. நீ வேலையாலை வரேக்கை வீட்டிலை லைற் எரியும் எல்லோ."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கோ காற்று எதையோ அடித்துக்கொண்டிருப்பது தொலைபேசியில் கேட்டது. பிலேந்திரனும் பேசவில்லை, இந்த முறை அந்த இடத்தை நிரப்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவருக்கு அது கதவு அடைப்பதைவிடக் கடினமான வேலை.

"வேண்டாம் அப்பா, தூரம்," என்றாள் கடைசியில். "பிளேன் மாறவேணும். உங்களுக்கு நாரியும் ஏலாது."

"ம்."

"அம்மாவுக்கும் லீவு வராது."

"ம்."

"சரியான காத்து. போன கிழமை பிளேன் இறங்கேலாமல் திரும்பிப் போனது."

"ம்."

மறுபடி காற்று.

"எப்ப வருவீங்கள்?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை," என்றார் பிலேந்திரன், செவ்வாயில் பிளேன் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே.