ஆறரை

மதியம் பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கப் படுத்துவிடும். பிள்ளைகள் மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் மடக்குக் கட்டிலை விரித்து, படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவார். அந்த நாற்பது நிமிடம்தான் கோங் ஹுய்லானுக்கு. அவள் எழுதப்போகிற பரீட்சையிலும் பெரிய கட்டுரைக்கு நாற்பது நிமிடம்தான் என்பதால், கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு தினமும் ஒரு கட்டுரை எழுதினாள். எழுதி முடிக்கும்போது விரல் மடங்காது. குளிரில் மண்வெட்டி பிடித்த கை மாதிரி விறைத்துப்போய் நிற்கும்.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடமாக இங்கிலீஷ் டீச்சர். ஊர், லான்ஜோ நகரத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் ஒழுங்காக விளையாத மேடு. அவள் புருஷன் தாவ் லான்ஜோவில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஏழு வருடமாக அவன் அங்கே, அவளும் மகள் நிங்நிங்கும் இங்கே. மாதத்துக்கு இரண்டு முறை வருவான். வந்த முதல் நாள் தூங்குவான், மறுநாள் குழாயையும் கதவையும் சரிசெய்வான், மூன்றாம் நாள் ரயிலேறிவிடுவான். நிங்நிங் அவனை விருந்தாளி என்றே கூப்பிடுவாள்.

லான்ஜோவில் ஒரு பள்ளிக்கூடம் வெளிநாட்டுப் பிரிவு ஒன்று திறந்திருந்தது. அதற்கு இங்கிலீஷ் ஆசிரியர் வேண்டும். வயது நாற்பது முடிந்திருக்கக் கூடாது. வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற பெரிய இங்கிலீஷ் பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நாலிலும் ஒன்பதுக்கு ஏழுக்குக் குறையக் கூடாது. ஹுய்லானுக்கு டிசம்பரில் நாற்பது முடிகிறது. நாலு முறை எழுதிவிட்டாள். நாலு முறையும் கேட்பதில் ஏழரை, படிப்பதில் எட்டு, பேசுவதில் ஏழு, எழுதுவதில் ஆறரை. எண்கூட மாறவில்லை. வாசல் நிலை அரைச் சாண் குறைவாக இருந்தால் பீரோவை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் உள்ளே போகாது. அப்படித்தான் இருந்தது அவள் பாடு.

ஊருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? இங்கிலீஷ் டீச்சருக்கே இங்கிலீஷ் வரவில்லையாம் என்று வாசல் காவலாளி பால்காரியிடம் சொல்லிச் சிரித்தது அவள் காதுக்கே வந்தது. ஹோஹோட் நகரத்துப் பக்கம் போய் எழுதினால் அங்கே திருத்துகிற வெள்ளைக்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள், மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று சக டீச்சர் ஒருத்தி யோசனை சொன்னாள். மூன்றாம் முறை அங்கேயும் போய்ப் பதினைந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து எழுதினாள். அவர்களும் ஆறரைதான் போட்டார்கள். வீட்டில் நிங்நிங் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, நான் ஆறரை வாங்கிட்டு வந்தா என்னைச் சோறு திங்க விடுவியா?"

 ஹுய்லான் மகள் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள்.

ஐந்தாம் முறைக்குப் பணம் கட்டியபின், கட்டுரை திருத்திக் கொடுக்கும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. திருத்துகிறவர் பதினேழாம் எண் ஆசிரியர், இவள் நானூற்று எட்டாம் எண் மாணவி. அனுப்பிய முதல் கட்டுரை மறுநாளே சிவப்பாகத் திரும்பி வந்தது. 'சமுதாயம் நாளுக்கு நாள் முன்னேறிவரும் இவ்வேளையில்' என்ற அர்த்தத்தில் அவள் ஆரம்பித்திருந்த முதல் வரியை வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது: "இந்த வாரத்தில் இதே வரியோடு வரும் அறுபதாவது கட்டுரை இது. தேர்வாளர் இதைக் கண்டதும் கொட்டாவி விடுவார். மனப்பாடம் என்று தெரிந்துவிடும். இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை வராந்தாவில் முட்டி போட வைக்க வேண்டும்."

ஹுய்லான் அதை மூன்று முறை படித்தாள். பதினேழு வருடமாக, வருடத்துக்கு நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு, அந்த வரியை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, கூரை அதிரக் கத்தவைத்தாள். ஒன்பதாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் திருத்துகிறவர்கள் ஒரு தாளுக்கு அரை நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. அந்த வரி ஆரம்பத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மார்க் விழும். அப்படி மார்க் வாங்கித்தான் அவளுக்கு நல்ல டீச்சர் என்று பெயர். இங்கே வந்தால் அதே வரி அவளை முட்டி போடச் சொல்கிறது.

சரி, விட்டுத்தொலைப்போம் என்று அடுத்த மதியம் வேறு மாதிரி ஆரம்பித்தாள். கை அங்கேயே போனது. அடித்தாள், மறுபடி எழுதினாள். இரண்டாவது பத்தியில் அதே வரி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தது. பத்து நிமிடம் வீண். மணி அடித்தபோது கட்டுரையில் முடிவு இல்லை. கணக்கு வாத்தியார் எழுந்து உட்கார்ந்து, என்ன டீச்சர், பேப்பரோட சண்டையா என்று கேட்டுவிட்டுத் தேநீர்க் குப்பியைத் தேடினார்.

மூன்றாவது வாரம், கட்டிய பணத்துக்கு ஒரு முறை நேரடியாகப் பேசலாம் என்று சொல்லி, பதினேழாம் எண் ஆசிரியர் கைப்பேசியில் வந்தார். இளைஞன் குரல். வணக்கம் நானூற்று எட்டு, உங்கள் சிக்கல் இன்னதென்று சொல்கிறேன் என்று கடகடவென ஆரம்பித்தான். ஹுய்லான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவள் குரலைக் கேட்டதும் அவன் கடகடப்பு நின்றுவிட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

"டீச்சர்... நீங்க கோங் டீச்சரா?"

"யார் நீ?"

"லுவோ செங், டீச்சர். ரெண்டாவது செக்ஷன். ஜன்னல் ஓரம்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். காதில் சீழ் வடியும் பையன், உச்சரிப்பு மட்டும் சுத்தம். அந்த வரியைச் சத்தமாகச் சொல்லாததற்காக ஒருநாள் அவனை வராந்தாவில் நிற்கவைத்ததும் ஞாபகம் வந்தது. தான் முட்டி போட வைக்கச் சொன்னது இவளைத்தான் என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மன்னிச்சிடுங்க டீச்சர், மன்னிச்சிடுங்க டீச்சர் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் பரவாயில்லை என்றாள். காது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். கொடுத்திருந்த இருபது நிமிடமும் அப்படியே போய்விட்டது.

அன்றோடு சிவப்பு வற்றிப்போயிற்று. அடுத்து அனுப்பிய கட்டுரை, நன்று, மிக நன்று, டீச்சரின் கையெழுத்து எப்போதும் அழகு என்று வந்தது. அதற்கடுத்ததில் ஒரு காற்புள்ளியை மட்டும் தொட்டிருந்தான், அதற்கும் வருத்தம் தெரிவித்திருந்தான். திட்டு வாங்கத்தான் அவள் பணம் கட்டியிருந்தாள். திட்டுகிற ஒரே ஆளும் கும்பிட ஆரம்பித்துவிட்டான். அவள் வேறு எண் ஆசிரியரைக் கேட்டுப் பார்த்தாள், பரீட்சைவரை இடமில்லை என்றார்கள். அன்று மதியம் கட்டுரை எழுதவில்லை. மாடிப்படிக்குப் போய்க் கைப்பேசியில் அவனைக் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்குன்னு எழுதியிருக்கியே, நல்லா இருந்தா ஏன்டா நாலு தடவை ஆறரை?"

"டீச்சர், உங்களை நான் எப்படி..."

"வராந்தால நின்னியா இல்லையா?"

"நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு பீரியடு, டீச்சர்."

"அந்த ரெண்டு பீரியடையும் இப்பத் தீத்துக்க. எனக்கு டிசம்பர்ல நாப்பது முடியுது. உன் மரியாதையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

லுவோ செங் மூச்சு விட்டது கேட்டது. பிறகு சொன்னான். அவள் எதை எழுதினாலும் அதில் அவள் இல்லை என்றான். நகரம் பற்றி எழுதினாலும் கிராமம் பற்றி எழுதினாலும் ஒரே கட்டுரைதான், பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. ஒரு முறையாவது நீங்கள் நிஜமாக நினைப்பதை எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றான். கடைசியில் குரல் கொஞ்சம் கெட்டியானது.

"உங்களுக்கு எதைப் பத்தியாவது சொந்தமா ஒரு எண்ணம் இருக்கா டீச்சர்?"

அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, இப்படியே திட்டு என்று சொல்லிவிட்டு வைத்தாள். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சொந்த எண்ணம் என்று தேடிப்பார்த்ததில் வீட்டு எண்ணம்தான் வந்தது, வாடகை அறையில் தாவ் தனியாக நூடுல்ஸ் அவிக்கிற எண்ணம். அதை எந்தக் கட்டுரையில் வைப்பது?

அப்புறம் ஐந்து வாரம் அவன் விடாமல் கிழித்தான். அவளும் விடாமல் எழுதினாள். நினைத்ததை எழுதினால் வார்த்தை போதவில்லை, வார்த்தை தேடினால் நேரம் போதவில்லை. பழைய வரிகள் இருந்தபோது சுவர் சீக்கிரம் எழும்பியது. இப்போது ஒவ்வொரு கல்லையும் அவளே அறுத்துச் சுட்டு அடுக்க வேண்டியிருந்தது. ஒரு மதியம் தாளைச் சுருட்டி எறிந்தாள். அது தூங்குகிற கணக்கு வாத்தியார் வயிற்றில் போய் விழுந்தது. அவர் அசையவில்லை.

அக்டோபர் கடைசியில் லான்ஜோவில் பரீட்சை. தாவ் ஸ்டேஷனுக்கு வந்து மாட்டுக்கறி நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான். பரீட்சைக்கு முன்னால் இவ்வளவு வேண்டாம் என்று அவள் பாதியை அவன் கிண்ணத்தில் கொட்டினாள். காலையில் எழுத்து. கட்டுரையில், குடும்பங்கள் வேலைக்காக ஊர் மாறுவது நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தார்கள். அவள் ஒரு வரிகூடக் கடன் வாங்கவில்லை. நினைத்ததை எழுதினாள், முடிவும் எழுதினாள், எழுந்தபோது முதுகு வியர்த்திருந்தது.

மத்தியானம் பேச்சு. சளி பிடித்த வெள்ளைக்காரி ஒருத்தி, காகிதக் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, முதலில் எல்லோரையும் கேட்கிற சாதாரணக் கேள்வியைத்தான் கேட்டாள். வீட்டில் யார் யாரோடு இருக்கிறீர்கள்? நாலு முறையும் இதற்கு ஹுய்லானிடம் பதில் தயாராக இருந்தது. கணவர், மகள், நான், வெளிச்சமான சின்ன அடுக்குமாடி வீடு என்று தண்ணீர் மாதிரி கொட்டும். இந்த முறை அது வாயில் வரவில்லை. மகளோடு இருக்கிறேன் என்றாள். கணவரும் எங்களோடுதான், ஆனால் இங்கே, அதாவது அவர் இங்கே, நாங்கள் அங்கே என்றாள். நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். வெள்ளைக்காரி நல்லவள்தான், தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு நொடியும் மார்க்கைத் தின்பது ஹுய்லானுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் நாக்கு நொண்டியது.

பதிமூன்றாம் நாள் முடிவு வந்தது. மூன்றாவது பீரியடு முடிந்து ஒலிபெருக்கியில் கண் பயிற்சிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ண, பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகள் கண்ணை மூடிப் புருவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஹுய்லான் வராந்தாவில் கைப்பேசியைத் திறந்தாள். எழுதுவது ஏழு. அதை ஒரு நொடி பார்த்தாள். கேட்பது ஏழரை, படிப்பது எட்டு. பேசுவது ஆறரை.

அவள் அழவில்லை. கைப்பேசியைக் கீழே போடவும் இல்லை. மறுமதிப்பீட்டுக்குப் போடலாம், வர மூன்று வாரம். லான்ஜோ வேலைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அடுத்த வருடம் அவளுக்கு நாற்பது முடிந்திருக்கும். அவ்வளவுதான். தாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் ஏதோ லிஃப்ட் குழிக்குள் இருந்தான், குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"சரி விடு. போதும். நான் அங்க வந்துடறேன்."

"வந்து? கிழங்கு தோண்டுவியா?"

"லிஃப்ட் வேலைதான். நம்ம ஊர் ஆத்தோரம் புதுசா பதினெட்டு மாடி கட்டினாங்கல்ல, அதைப் பாக்க ஆள் கேட்டாங்க. போன வருஷமே கேட்டாங்க."

ஒலிபெருக்கி நாலாம் பயிற்சிக்குப் போனது. ஹுய்லான் சுவரில் சாய்ந்தாள்.

"போன வருஷமா?"

"நீ படிச்சிட்டிருந்த. நகரத்துக்கு வரணும்னு உனக்கு அவ்வளவு ஆசை. நான் போய் எதையாவது சொல்லி உன்னைக் கலைக்கவா?"

"எனக்கு நகரத்து மேல ஆசைன்னு எவன் சொன்னான்?"

"பின்ன, இத்தனை வருஷம் எதுக்குப் படிச்ச?"

"நீ அங்க இருக்கேன்னுதான், நிங்நிங் அப்பா, வேற எதுக்கு?"

 குழிக்குள் எங்கோ இரும்பு உரசியது.

போன வருஷம் என்றால் மூன்று பரீட்சை என்று அவள் கணக்குப் போட்டாள். ஹோஹோட்டுக்குப் போய்வந்த முப்பது மணி நேர ரயில், நானூற்று எட்டு என்கிற எண், மதியம் மதியமாக விறைத்த விரல். ஒரு வருடம் முழுக்கக் கல் சுமந்து மேலே ஏறிப் போனவளிடம், வேலை கீழேதான் என்று இப்போது ஒருத்தன் சாவகாசமாகச் சொல்கிறான். அந்த ஆறரையைவிட இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்ட ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தித்தான் திட்டினாள், பிள்ளைகள் கண்ணைத்தான் மூடியிருந்தார்கள், காதை அல்ல. ஊமை என்றாள், மரக்கட்டை என்றாள், உன் அம்மா உனக்கு வாயை எதற்கு வைத்துப் பெற்றாள் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான்.

"அந்த இடம் இன்னும் இருக்கா இல்லையா?"

"கேக்கணும்."

"கேளு. குழியை விட்டு ஏறி இப்பவே கேளு."

பாட்டு நின்றது. பிள்ளைகள் கண்ணைத் திறந்து, வெளிச்சம் கூசி, வராந்தாவில் நின்ற டீச்சரைப் பார்த்தார்கள். நாலாவது பீரியடு அவளுடையது. உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள், கையில் கைப்பேசி. பத்து நிமிடம் கழித்து அது அதிர்ந்தது. வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம், ஆனால் அந்த ஆள் வசந்தப் புத்தாண்டுப் பண்டிகையோடு தெற்கே போகிறானாம். அதற்கப்புறம் வரச் சொன்னார்களாம். தாவ் இதைச் சொல்லிவிட்டு, கோபமா என்று கேட்டான்.

"வா," என்றாள் ஹுய்லான். "வந்ததும் பத்து நாளைக்கு என் முன்னாடி வாயைத் திறக்காதே."

"இத்தனை நாளும் திறக்கலைன்னுதானே இப்பத் திட்டின?" என்றான் அவன்.

அவள் கைப்பேசியை வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.