இருபத்தெட்டுக் கைகள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் படம் எடுக்காவிட்டால் பாடம் நடத்தின மாதிரியே இருக்காது. பயறு முளைத்தால் படம், வாய்ப்பாடு ஒப்பித்தால் படம். சாயங்காலம் அத்தனையும் இணையத்தில் பெற்றோருக்கென்று வைத்திருக்கும் ஆல்பத்தில் ஏறிவிடும். அதன் கடவுச்சொல் இருபத்தெட்டு வீட்டாருக்கு மட்டுமே தெரியும் என்று டீச்சர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த வீடுகளில் எத்தனை சித்தி, எத்தனை மச்சான் என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை.

வருஷ ஆரம்பத்தில் படம் போட அனுமதி கேட்டுச் சீட்டு கொடுத்தபோது ஒரே ஒரு அம்மா 'வேண்டாம்' என்று எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் அம்மா, துணிக்கடையில் தையல் வேலை. காரணம் எழுதவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் டீச்சர் கெட்டி. அந்தப் பெண் எந்தப் படத்தில் வந்தாலும் அவள் முகத்தின் மேல் சிரிக்கிற மஞ்சள் பொம்மை ஒன்றை ஒட்டிவிடுவார்.

அவளுக்கு டீச்சர் வைத்த பெயர் வாயாடி. ஒரு வியாழக்கிழமை வாயாடி வாயே திறக்கவில்லை. மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு மேஜை ஓரமாக வந்து நின்றாள்.

"டீச்சர், என் மூஞ்சி நல்லா இல்லையா?"

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. பக்கத்து பெஞ்சுக்காரியோட அம்மா போன்ல பாத்தேன். எல்லாருக்கும் மூஞ்சி இருக்கு. எனக்கு மட்டும் பந்து."

டீச்சர் என்னவோ சொல்லிச் சமாளித்து அனுப்பினார்.

மறுநாள் வாயாடியின் அம்மாவே வந்துவிட்டார். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதையாயிடுச்சு. இத்தனை முகத்துக்கு நடுவுல ஒண்ணை மட்டும் மூடினா, எல்லாரும் அதைத்தானே பாப்பாங்க? கேட்ல நிக்கிற அம்மாங்கள்ல ஒருத்தி ஏன்னு கேக்கறா, இன்னொருத்தி எந்த ஊருன்னு கேக்கறா." குரலைத் தாழ்த்தினார். "இவ அப்பாகிட்ட அடி தாங்காம, சொல்லாம வந்திருக்கோம். இந்தப் பேச்சு நாலு வாய் மாறினா அவர் காதுக்கும் போயிடும். மறுபடியும் மூட்டை கட்டணும். இது இவளுக்கு மூணாவது ஸ்கூல்."

காப்பாற்றுவதாக நினைத்து அடையாளம் காட்டிக் கொடுத்திருக்கிறோமே என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் கண்ணெதிரிலேயே ஆல்பத்தைத் திறந்து ஒரு படம் விடாமல் அழித்தார்.

ஒரு வாரம் படமே இல்லை. டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு அப்பாக்கள் விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் முளைத்த பயறைத் தொட்டியில் நட்டார்கள். மண் அப்பிய இருபத்தெட்டு வலது கைகளையும் வட்டமாக வைக்கச் சொல்லி, டீச்சர் பெஞ்சின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்.

"ஐ, இப்ப யாருக்குமே மூஞ்சி இல்ல!" என்று வாயாடி குதித்தாள்.

ஆல்பத்தில் ஏற்றும் முன் டீச்சர் அதை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"நீங்க சரின்னாத்தான் போடுவேன். இதுல உங்க பொண்ணு கை எதுன்னு எனக்கே தெரியல. இதுவா?" தினமும் அத்தனை பிள்ளைகளின் நகத்தையும் பார்க்கிற டீச்சர்தான் இப்படிக் கேட்டார்.

"அது ஏதோ பையன் கை டீச்சர்." அம்மா சிரித்து டீச்சர் பார்த்தது அன்றைக்குத்தான். அவருடைய விரல் நேராக ஒரு கைக்குப் போய் நின்றது. "இதோ பாப்பா. சுண்டுவிரலை உள்ள மடக்கியிருக்கா பாருங்க. தூங்கும்போதும் இப்படித்தான்."

"அப்போ இவ அப்பாவும் கண்டுபிடிச்சிடுவாரே?"

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தக் கையை அவர் ஒரு நாளாவது பிடிச்சிருந்தாத்தானே தெரியும்? போடுங்க டீச்சர்."