ஏணை கட்ட இடமில்லாத வீடு

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: என் மாமனார் ஜீவகுமார். அவருடைய மூத்த மகள் சுனந்தா. சுனந்தாவின் கணவர் அனந்த். வீடு அவர் கட்டியது. இளைய மகள் அனுபமா, என் மனைவி. எங்கள் மகள் சுருதி, ஒன்றரை வயது. அப்புறம் நான், நிர்மல்.

புதுமனை புகுவிழா காலையிலேயே முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்ட கையோடு வேன் ஏறிக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விட்டார்கள். குடிவந்த அன்றைக்கு வீட்டில் ஆள் நிறையப் படுக்க வேண்டும் என்று மாமனார் சொன்னதால், சென்னையிலிருந்து வந்த நாங்கள் தங்கினோம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்று. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

சுனந்தாவுக்குக் குழந்தை இல்லை. காலையிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு.

"சுருதிய ரெண்டு மாசம் என்கிட்ட உட்டுட்டுப் போயேன் அனு. நிர்மல் நிம்மதியா வேலை தேடட்டும்."

"உட்டுட்டுப் போயிருப்பேன்க்கா," என்றாள் அனுபமா. "ஆனா அவரு ஏணையில போட்டு ஆட்டினாத்தான் தூங்குவா. நான் ஆட்டினாக்கூட கத்துவா."

அவள் அதைக் குறையாகத்தான் சொன்னாள். எனக்கு அது சர்டிபிகேட் மாதிரி கேட்டது. வேலை பார்த்த இடத்தில்கூட என்னைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ராத்திரி ஷிப்டு வேலையை நான் தீபாவளிக்கு முன்பே விட்டுவிட்டேன். வேலை போனது, தூக்கம் மட்டும் ஷிப்டிலேயே நின்றுவிட்டது. அனுபமாவுக்குக் காலையில் ஆபீஸ். பத்து மணிக்குப் படுத்துவிடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் சுருதியும்தான். அவள் டப்பா மூடிகளை உருட்டுவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்கம் வந்ததும் பழைய புடவையில் கட்டிய ஏணையில் போட்டு ஆட்டுவேன். அந்த நேரத்தில் என்னோடு ஒத்துப்போகிற ஒரே ஆள் அவள். அவளை இங்கே விட்டுவிட்டுப் போனால் அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஆகவே சுனந்தா கேட்கும்போதெல்லாம் நான் சும்மா இருந்தேன். ஏணை பதில் சொல்லும்.

பொழுது சாயும் முன் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் ஜைன வீடுகளில் பெரியவர்கள் இருட்டிய பிறகு வாயில் எதுவும் போடமாட்டார்கள். மாமனார் அதில் கறார். நானும் அப்படி வளர்ந்தவன்தான். அந்த வெளிச்சத்தில் எனக்குப் பசிக்கவில்லை. ஒரு தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

சுருதி அனந்த் மடியில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். என்னிடம் ஒரு வாய்க்கு வீட்டை ஒரு சுற்று ஓடுகிறவள், அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

"பெரியப்பா கை ருசி அப்படி," என்றாள் சுனந்தா.

"புது ஆளுன்னா அப்படித்தான் சாப்பிடுவா," என்றேன்.

சுருதி இன்னொரு வாய் வாங்கிக்கொண்டாள்.

அடுப்பைத் துடைத்து விளக்கேற்றினார்கள். நான் பையிலிருந்து புடவை, கயிறு, நடுவில் செருகும் கட்டை எல்லாவற்றையும் எடுத்தேன்.

"அண்ணே, கொக்கி எங்க இருக்கு?"

அனந்த் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஹால் முழுக்க வழவழவென்று வெள்ளைப் பலகை, அதில் வட்ட வட்டமாக லைட்.

"கொக்கி வெக்கலையே தம்பி. எல்லா ரூமும் ஃபால்ஸ் சீலிங். தொங்கினா அதுவும் சேந்து வந்துரும்."

"கட்டும்போதே சொன்னேன், ஒரு வளையம் போட்டு வைங்கன்னு," என்றார் மாமனார். "லுக்கு போயிடும்னு இன்ஜினியர் சொல்லிட்டாராம்."

சுனந்தா எழுந்து தட்டுகளை அடுக்கப் போனாள்.

நான் வீட்டைச் சுற்றினேன். ஜன்னல் கிரில்லில் உயரம் போதவில்லை. பால்கனிக் கம்பி வெளியே இருக்கிறது, கொசு. கயிறும் கையுமாக மூன்றாவது தடவை ஹாலைக் கடந்தபோது மாமனார் பேப்பரை இறக்கினார்.

"மாப்ள, கயித்தோட மேல பாத்துக்கினே சுத்தாதீங்க. புது வீடு. அக்கம்பக்கம் பாத்தா தப்பா நெனைப்பாங்க."

அனுபமா சிரித்தாள். அனந்த்கூடச் சிரித்தார்.

கடைசியில் மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டில் இடம் கிடைத்தது. மேல் வளைவில் இருந்த ஸ்டீல் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, அடியில் புடவையைத் தொங்கவிட்டேன். விழாவில் மிஞ்சிய தேங்காய்ப் பையை உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்தேன். தாங்கியது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

ஹாலில் ஒரு லைட் மட்டும் எரிந்தது. அனந்த் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் தொப்பையின் மேல் சுருதி குப்புறக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. அவர் பனியனில் எச்சில் வட்டமாக நனைந்திருந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை.

"ஷ்ஷ்," என்றாள் அனுபமா. போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தூங்கினா?"

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி," என்றார் அனந்த், குரலைத் தாழ்த்தி. "படுத்தேன். ஏறிப் படுத்துக்கிச்சு."

ஒன்றும் பண்ணவில்லை என்றதுதான் எனக்கு எரிந்தது. பாடினேன், தட்டிக்கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த மனிதர் தட்டக்கூட இல்லை. கை அவள் முதுகில் சும்மா கிடந்தது. தொப்பை ஏறி இறங்கியது, அவளும் ஏறி இறங்கினாள். என் எலும்பு உடம்பில் அப்படி ஓர் இடம் இல்லை. அவருக்கு வீடு இருக்கிறது, மாசம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது, ராத்திரியானால் தூக்கம் வருகிறது. இதுவும் வேண்டுமா அவருக்கு?

"பாத்தியா அனு," என்றாள் சுனந்தா. "ஏணையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அனுபமா என்னைப் பார்த்தாள். "ரெண்டு மாசம் ஜாஸ்தி. ஒரு மாசம் உட்டுப் பாக்கலாமா?"

"இப்படிப் படுத்தா கழுத்து புடிச்சுக்கும்," என்றேன். "ஏணை கட்டிட்டேன். அதுல போடறேன்."

"தூங்குறவள எழுப்பாதீங்க."

"எழுப்பல. மாத்திப் போடறேன்."

எழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எழ வேண்டும் என்றுதான் தூக்கினேன். எழுந்து கத்துவாள், நான் ஆட்டுவேன், தூங்கிவிடுவாள், எல்லாரும் பார்ப்பார்கள். அக்குளில் கை கொடுத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கக்கூடாத மாதிரி தூக்கினேன்.

ஏணையில் போட்டதும் கண்ணைத் திறந்தாள். ஆட்டினேன். அவள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து புடவையை விலக்கி ஜன்னலைப் பார்த்தாள். நல்ல இருட்டு. என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. இருட்டும் நானும் சேர்ந்தால் அவளுக்கு என்ன அர்த்தமென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா, மம்மு."

"மம்மு இல்ல. தூங்கு."

"மம்மு," என்றாள் சத்தமாக. ஏணையிலிருந்து நழுவி இறங்கினாள். நேராக ஹாலுக்குப் போய் என் பையின் பக்கவாட்டு ஜிப்பை இழுத்தாள். பிஸ்கட் பாக்கெட் அங்கேதான் இருக்குமென்று அவளுக்குத் தெரியும். நடு ஹாலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தாள். நான் குனிந்து பாக்கெட்டைப் பிடுங்கப் போனேன். அவள் அந்த பிஸ்கட்டை என் வாயில் திணித்தாள். எப்போதும் முதல் பிஸ்கட் எனக்குத்தான்.

துப்பவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "கொழந்தைக்குக் கணக்கில்ல. எந்நேரமும் குடுக்கலாம். ஆனா அது ஊட்டுறது உங்களுக்காச்சே."

"தெனமுமா?" என்றாள் அனுபமா. "நான் படுத்தப்புறம் ரெண்டு பேரும் சாப்பிடறீங்களா?"

"பசிக்கும்போது சாப்பிடுவோம்."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு. சில நாள் இன்னும் லேட்டாவும்."

"என்ன சாப்பிடுவா?"

"இட்லி. நூடுல்ஸ்."

அனுபமா அக்கா பக்கம் திரும்பினாள். "இவரு ஆட்டினாத்தான் தூங்குவான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். முழிக்க வெக்கிறதே இவருதான்."

"ஷிப்ட உட்டுட்டீங்கன்னு நெனச்சேன் மாப்ள," என்றார் மாமனார். "புள்ளயயும் அதுல சேத்துட்டிருக்கீங்க."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"அவ என்கூட சந்தோஷமாத்தான் இருக்கா," என்றேன்.

"இருக்கா," என்றாள் அனுபமா. "யாரு இல்லன்னு சொன்னது? ஒரு மாசம் இங்க இருக்கட்டும். பொழுதோட சாப்பிடட்டும், பொழுதோட தூங்கட்டும். நீங்களும் அங்க தூங்கிப் பழகுங்க."

அனந்த் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க வேணாம்னா வேணாம். சொல்லுங்க."

அந்த வீட்டில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர். அதற்காகவே அவரை இன்னும் பிடிக்காமல் போனது.

"உங்க இஷ்டம்," என்றேன்.

சுருதி பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் போனாள். படு என்று அவர் தொப்பையைத் தட்டினாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். "ஹால்ல லைட்டு கண்ணக் கூசுது," என்று பொதுவாகச் சொன்னார். சுனந்தா போர்வையும் சின்னத் தலையணையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அனுபமா தரையில் கிடந்த பிஸ்கட் தூளைக் கையால் கூட்டினாள். சுருதி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அனந்த் அறைக்குள் போய்க் காலால் கதவைத் தள்ளினார். மரம் இன்னும் படியாத கதவு, தானாகத் திறந்துகொண்டது. சுனந்தா உள்ளேயிருந்து அதை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.